யாமினி ஓட்டுப் போடப் போன ஞாயிற்றுக்கிழமை

1995 ஏப்ரலில் நான் அமெரிக்கக் குடிமகனாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. இடையில் நவம்பரில் ஒரு தேர்தல் வந்தது. அன்றைக்கு ஆபீஸில் வேலை முடிந்து கிளம்பும்போது மணி ஒன்பது, ஓட்டுச்சாவடியை மூடியிருந்தார்கள். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு, என் மனைவி பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு ஏன் இந்தப் பாடு படுகிறாள் என்று புரியவே இல்லை.

யாமினி புதுச்சேரிப் பெண். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. நான் கோயம்புத்தூர்க்காரன். கல்யாணமாகி அவள் அமெரிக்காவில் நான் இருந்த வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து பதினான்கு மாதம். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அது கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகத் தனியாக ஒரு பர்மிட் வேண்டும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட்டைத் தாண்டினால் வேகமாகக் கார்கள் போகிற சாலை, நடைபாதை கிடையாது. காலை எட்டுக்கு நான் கிளம்பினால், இரவு ஏழுக்குத் திரும்பும்வரை அவளுக்கு அந்த இரண்டு அறைகளும் பால்கனியும்தான்.

மார்ச்சிலிருந்து, சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் பிரெஞ்சுப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவாள். பிரிட்ஜ் கதவு நிறைய வேட்பாளர்களின் முகங்கள். பால் எடுக்கப் போனால் யாரோ ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"ரெண்டு ரவுண்டுங்க," என்று எனக்கு விளக்கினாள். "முதல் ரவுண்டுல யாருக்கும் பாதிக்கு மேல வரலேன்னா, முதல் ரெண்டு பேர் மட்டும் ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி நிப்பாங்க."

டிசம்பரிலேயே நியூயார்க்கில் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு, அந்தக் கான்சலேட்டுக்கு, எழுதித் தன் பெயரைப் பதிவு செய்திருந்தாள். எனக்கு அது தெரியாது. வாக்காளர் அட்டை தபாலில் வந்தபோதுதான் பார்த்தேன்.

முதல் சுற்று ஏப்ரல் இருபத்து மூன்று, ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போட நியூயார்க் கான்சலேட்டுக்குப் போகணுங்க. என் பாஸ்போர்ட் வேணும். நாளைக்கு மதியத்துக்குள்ள லாக்கர்லேர்ந்து எடுத்துடுங்க."

பாங்க் லாக்கர் என் பெயரில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் அதில் வைத்திருந்தேன். சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன், பேச்சு நீண்டது. ஞாபகம் வந்தபோது மணி மூன்று. பாங்க் பன்னிரண்டுக்கே மூடியாயிற்று.

"அட, மறந்துட்டேன். ரெண்டாவது ரவுண்ட் இருக்குன்னு நீதானே சொன்னே? அதுக்குப் போட்டுக்கலாம்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சுற்றில் யாரும் எதிர்பாராதபடி ஜோஸ்பேன் முதலிடத்துக்கு வந்தார். ஷிராக் இரண்டாவது. யாமினி சிற்றலை ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

திங்கட்கிழமை நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கான்சலேட்டுக்குப் போன் செய்தாள். என் எதிரில் அவள் பிரெஞ்சு பேசி அதுவரை நான் கேட்டதில்லை. வேகமாக, தடுமாறாமல், எதிராளியை இடைமறித்துக்கூடப் பேசினாள். நடுவில் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை புரியாமல் ஒற்றை ஷூவோடு நின்றேன்.

போனை வைத்துவிட்டு, "பாஸ்போர்ட் வேணாமாம்," என்றாள். "கான்சலேட் பதிவுக் கார்டே போதுமாம். அது என் பெட்டியில இருக்கு."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கையில் பிடித்திருந்த ஏதோ ஒன்று நழுவியதுபோல் இருந்தது. அதை நினைத்து அன்றைக்கு முழுவதும் எனக்கே கூச்சமாக இருந்தது.

மே ஏழாம் தேதி காலை, நீலப் புடவை கட்டிக்கொண்டு ஹாலில் நின்றாள்.

"இரு, நான் டிரைவ் பண்றேன்," என்றேன்.

"வேணாம். டிரெயின்ல போறேன்."

"பிரின்ஸ்டன் ஜங்ஷன் மூணு மைல் யாமினி."

"தெரியும். நடந்து பாத்திருக்கேன். நாலஞ்சு தடவை."

அதுவும் எனக்குத் தெரியாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அவள் போன் செய்தால் எடுக்க வேண்டுமே என்று நான் வெளியே போகவில்லை. டிவி பார்த்தேன். ஜன்னலில் நின்றேன். பார்க்கிங்கில் ஒரு கார்கூட அசையவில்லை. மணி மூன்றாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் பதினொன்றரைதான். பதினான்கு மாதம் இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் என் உடம்புக்கு உறைத்தது.

இரண்டு மணிக்கு செய்தியில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். பாரிஸில் அப்போது இரவு எட்டு, அங்கே வாக்குப்பதிவு முடிந்திருந்தது. ஷிராக் ஜெயித்துவிட்டார். நியூயார்க்கில் இன்னும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் வரிசையில் நிற்பாள். முடிந்துபோன ஒன்றுக்காக நிற்பாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நான்கு மணி வண்டியில் அவள் இல்லை. ஐந்து மணி வண்டியிலும் இல்லை. வராமலே போய்விடுவாளோ என்று தோன்றியது. அந்தப் பயம் புதிது அல்ல.

வேலை பர்மிட்டுக்கான படிவத்தில் ஜனவரியிலேயே அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். என் குடியுரிமைச் சான்றிதழின் நகலை வைத்து வக்கீலுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அது நான்கு மாதமாக என் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது. கேட்டபோதெல்லாம் "வக்கீல்கிட்ட இருக்கு" என்றேன். வேலைக்குப் போனால் நாலு பேரைப் பார்ப்பாள், என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்களைப் பார்ப்பாள், பிறகு இந்த இரண்டு அறைக்குத் திரும்பி வருவானேன் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

ஆறு மணி வண்டியில் இறங்கினாள். முகம் வாடியிருந்தது. காரில் ஏறிச் செருப்பைக் கழற்றினாள். குதிகால் தோல் உரிந்திருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சு," என்றேன்.

"தெரியும். வரிசைல நிக்கும்போதே யாரோ ரேடியோ கேட்டுட்டுச் சொன்னாங்க. பாதிப் பேர் திரும்பிப் போயிட்டாங்க."

"நீ?"

"போட்டேன்."

"முடிஞ்சதுக்கப்புறம் எதுக்கு?"

"அவ்ளோ தூரம் நானாவே தனியா போனேன். போடாம வருவாங்களா?"

"யாருக்குப் போட்டே?"

"அதைச் சொல்ல மாட்டேன்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டேஷன் பார்க்கிங்கிலேயே படிவத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருக்கிறது, எத்தனை மாதமாக, ஏன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடியிலிருந்த வாக்காளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்னையும் உங்க ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் கடைசியில். "டிராயரைத் திறந்து காட்டுங்க, நானே எடுத்துக்கறேன். நானே போஸ்ட் பண்றேன். உங்க கையில குடுக்க மாட்டேன்."

அப்படியே செய்தாள். என்னோடு வேலை பார்த்த கிட்டுசாமி, "என்ன, மேடமே ஆபீஸுக்கு வந்துட்டாங்க?" என்று கேட்டான். அவனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு உறையை ஒட்டினாள்.

பர்மிட் ஆகஸ்டில் வந்தது. மருந்துக் கம்பெனிகளுக்குப் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பர்மிட்டுக்குக் காத்திருந்த அந்த மூன்று மாதமும் வீட்டில் சமையல், துணி, மளிகை பற்றி மட்டும் பேசினோம். நான் ஏதாவது தொடங்கினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். நானும் அந்த இரண்டு அறைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதல் வாரம் வேலை முடித்து வந்த வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "என்னை மன்னிச்சிட்டியா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள்.

"தெரியலைங்க," என்றாள். "தெரிஞ்சா சொல்றேன்."