நடுச்சீட்டில் மலை

ஒச்சம்மாளின் ஜீப் இடப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருந்ததற்குக் காரணம், பின்சீட்டின் மூலையில் மலை உட்கார்ந்திருந்ததுதான். அவளுக்கு அது தெரியக் கொஞ்ச நாளானது.

போடியிலிருந்து மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அது. அவளே ஓட்டினாள். அந்தப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. வண்டி சாய்ந்ததிலிருந்து வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் எதிரே இருப்பவர்களின் மடியில் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒரு கல்யாணம்கூடப் பேசி முடிந்தது. ஆனால் பள்ளமும் இடப்பக்கம்தான் என்பதால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக் ஜக்கரியா டயர் காற்றைப் பார்த்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தார். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று இடப்பக்கம் ஒரு பட்டை கூட்டிப் போட்டார். வண்டி இன்னும் வசதியாகத் தாழ்ந்தது.

அப்புறம் பின்னால் எட்டிப் பார்த்தார். மூலையில் மூடுபனி. கையை விட்டு எடுத்தார். கையில் அட்டைப்பூச்சி ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, வண்டியில மலை ஏறியிருக்கு."

"வண்டிதாண்ணே மலை ஏறும்."

"இது மாத்தி ஏறியிருக்கு. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சங் கொஞ்சமா."

அட்டையின் மேல் உப்பைப் போட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

ஒச்சம்மாள் மேற்கே பார்த்தாள். மலை இருந்த இடத்தில் வானம் இருந்தது. பிரிக்காத வேட்டி மாதிரி, மடிப்புக் கலையாமல் இருந்தது. கீழே பாதை சமதரையாகக் கிடந்தது. ஷேர் ஆட்டோக்கள் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டோக்காரர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். மலை இல்லாத ஊரில் ஜீப்பில் யார் ஏறுவார்கள்?

அவள் பின்னால் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"எதுக்கு ஏறுனீங்க?"

"நின்னு நின்னு காலு கடுக்குது, தாயி," என்றது மலை.

"எறங்க மாட்டீகளா?"

"கடலப் பாக்கணும். அம்புட்டு ஆத்தையும் அனுப்பி வச்சேன். ஒண்ணாச்சும் போய்ச் சேந்துச்சான்னு தாக்கல் தகவல் இல்ல."

ஒச்சம்மாளும் கடல் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போறேன். மத்த நாள்ல நிக்கணும்."

"நிக்கிறேன்."

"ஓரத்துல உக்காரக் கூடாது. நடுவுல."

"ஓரத்துலதான் காத்து வரும்."

"நடுவுல."

மலை யோசித்தது. எங்கோ ஒரு பாறை உருண்டது. "சரி தாயி," என்றது.

அன்று சாயங்காலமே அது வண்டியை விட்டு இறங்கி மலையேறிவிட்டது. சூடம்கூடக் காட்ட வேண்டியிருக்கவில்லை. வழியில் இருந்த ஆட்டோக்கள் பின்பக்கமாகவே உருண்டு ஊர் வந்து சேர்ந்தன. யாருக்கும் அடியில்லை. ஒரு கிழவர் மட்டும் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலை சொன்னபடி நடுவில் உட்கார்ந்தது. ஜக்கரியா மறுபடி டேப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. வண்டி மொத்தமாகத் தாழ்ந்திருந்தது. ஆனால் நேராகத் தாழ்ந்திருந்தது. அவருக்குத் திருப்தி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் முன்னால் ஏறிக்கொண்டார்.

பரமக்குடி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒச்சம்மாள் பிரேக் பிடித்தாள்.

"கீழ படுத்திருக்கிறது யாரு?" என்றது மலை.

"வேகத்தடை."

"பச்சப்புள்ள. இப்பிடி நடுரோட்டுல போட்டுட்டுப் போயிருக்காக."

ஒச்சம்மாள் கண்ணாடியில் பார்த்தாள். மலைக்கு முகம் என்று ஒன்று கிடையாது. இருந்தும் அது வாடியிருந்தது. அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

ஜக்கரியா இறங்கிப் போய் அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். மஞ்சளும் கறுப்புமாக, வெயிலில் சூடேறி, கனமில்லாமல் இருந்தது. இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று அவர் தயங்கி நின்றார்.

"மலையே மடியில வச்சுக்கிரட்டும்ண்ணே," என்றாள் ஒச்சம்மாள்.

வண்டி எந்தப் பக்கமும் சாயவில்லை. பாம்பன் பாலம் கண்ணில் பட்டதும் சின்னது எம்பி எம்பிப் பார்த்தது.