பத்துக்கு மூன்று

1

இந்தக் கதை என் மனைவியின் வலது தோளிலிருந்து கிடைத்தது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் அவளுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது, கோலிக்குண்டு அளவு. அங்கே அழுத்தினால் வலி அங்கே நிற்காது. காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டுக்குப் போகும். அழுத்துகிற இடம் ஒன்று, வலிக்கிற இடம் வேறு. இதைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, கதை வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கம்.

2

முதல் தொடக்கம்: 'தையல்காரி இருபது வருடமாகக் குனிந்தே இருந்தாள்.'

(அடித்துவிட்டேன். என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கூட நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'பிசியோவின் கையிலிருந்த அதிர்வலைக் கருவி துப்பாக்கி மாதிரி இருந்தது.'

(இது உண்மை. ஆனால் துப்பாக்கி என்றதும் நீங்கள் கொலையை எதிர்பார்ப்பீர்கள். இங்கே யாரும் சாகவில்லை.)

3

நடந்தது இதுதான். வாரம் ஒரு தடவை பிசியோதெரபி, மொத்தம் ஆறு தடவை. பச்சைத் திரைக்குப் பின்னால் அவள் குப்புறப் படுப்பாள். பிசியோ தோளில் பசையைத் தடவி, கருவியின் முனையை முடிச்சின்மேல் வைத்து அழுத்துவார். டக் டக் டக் என்று ஆணி அடிக்கிற சத்தம். நடுவில் நிறுத்திக் கேட்பார்.

"வீட்ல கனமா ஏதாவது தூக்குறீங்களாம்மா?"

"இல்லையே."

"இப்ப பத்துக்கு எவ்வளவு வலிக்குது?"

"மூணு."

"அவ்வளவுதானா? அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டலாம்."

கூட்டுவார். அவள் கால்விரல்கள் விரிப்பைச் சுருட்டிப் பிடிக்கும். கால்மாட்டில் உட்கார்ந்திருப்பதால் அது எனக்கு மட்டும் தெரியும். அது மூன்று இல்லை. எட்டு.

(நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கதாபாத்திரத்தின் விருப்பத்தில் ஆசிரியன் தலையிடக் கூடாது என்று ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில். பொய்.)

4

இரண்டாவது வாரம் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏன் மூணுன்னு சொல்றே? எட்டு இருக்குமே?"

"எட்டுன்னா, எதையும் தூக்கக் கூடாதும்பார். அப்புறம் அத்தையை யாரு தூக்குறது?"

அத்தை என்றால் என் அம்மா. படுத்த படுக்கையாகி இரண்டு வருடம். புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கனத்த உடம்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல, அவரை அந்த முதல் தொடக்கத்தில் தையல் மெஷினுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன்.

எனக்கு முதுகிலோ தோளிலோ ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில்தான் எழுதுகிறேன். "ஒரு கை குடுங்க" என்று கூப்பிடுவாள். "இதோ, இந்த வரியை முடிச்சிட்டு வர்றேன்" என்பேன். வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்த பழக்கம் எனக்குக் கிடையாது. முடித்துவிட்டுப் போவதற்குள் அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஆயிடுச்சு, நீங்க போய் எழுதுங்க" என்பாள். அதில் குத்தலே இருக்காது. அதுதான் எனக்கு அவமானமாக இருக்கும். ஆனாலும் போய் எழுதுவேன்.

அன்று பஸ்ஸில் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றால், "ஜன்னலை மூடவா, தூசி வருது" என்றேன்.

5

நாளை ஆறாவது தடவை. முடிவுகள் தயார்.

(அ) பிசியோ கேட்கிறார். அவள் வாய் திறப்பதற்குள் நான் "எட்டு" என்கிறேன். [படிக்க நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகு யார் தூக்குவது என்பது அதில் இல்லை.]

(ஆ) அவள் "மூணு" என்கிறாள். நான் விரல்களைப் பார்க்கிறேன். [இது ஏற்கெனவே ஐந்து முறை நடந்துவிட்டது.]

இதுவரை எழுதியதை மத்தியானம் அவளிடம் கொடுத்தேன். குனிய முடியாததால் தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நின்றபடியே படித்தாள்.

"எட்டு இல்லை, ஒம்பது," என்றாள். "மத்ததெல்லாம் சரிதான்."

6

மூன்றாவது முடிவு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மணி நாலு. பக்கத்து அறையில் அம்மாவின் கட்டில் பக்கக் கம்பியை இறக்குகிற சத்தம். இன்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் படித்த பிறகும் கூப்பிடவில்லை. இந்த வரியை முடித்தால் அதற்குள் அவளே தூக்கிவிடுவாள், முடிக்காவிட்டால் கதைக்கு முடிவு இல்லை, நாளைக்கு என்ன எண் சொல்வது என்று நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் இப்போது