சனிக்கிழமைச் சக்களத்தி

என் சக்களத்திக்கு இரண்டு இறக்கை, ஒரு வால். வயது அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கு மட்டும் புதுப் பெயிண்ட்.

என் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் பெயிண்டர். மூன்று வருடத்துக்கு முன் விமான அருங்காட்சியகத்திலிருந்து ஆள் தேடி வந்தார்கள். பழைய போர் விமானம் ஒன்றைச் சுரண்டி வர்ணம் பூச வேண்டும், சம்பளம் கிடையாது, சனிக்கிழமை வந்தால் போதும் என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. காலை ஏழரைக்கே குளித்து, தேய்த்த சட்டை போட்டுக் கிளம்பிவிடுவார். பெயிண்ட் அடிக்கிறவருக்குத் தேய்த்த சட்டை எதற்கு என்று கேட்டால், "அங்க நாலு பேர் வர்ற இடம்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூடக் கசங்கிய சட்டைதான்.

வீட்டில் நான், மாமனார், அவருடைய கைமணி. அவர் படுக்கையில் விழுந்து நான்கு வருடமாகிறது. தண்ணீருக்கு மணி, ஜன்னலைத் திறக்க மணி, திறந்த ஜன்னலை மூட மணி. நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் ஒரு மணி. மனிதர் தங்கமானவர், குறை சொல்லவில்லை. சனிக்கிழமையாவது இன்னொரு ஆள் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவுதான் என் ஆசை.

போன வாரம் துவைக்கும்போது வீட்டுக்காரர் சட்டைப் பையில் ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஊழியர் குடும்பத்துக்கு இலவசம், இந்தச் சனிக்கிழமையோடு சரி. என்னிடம் மூச்சே விடவில்லை. அவளை நான் பார்த்துவிடக் கூடாதாமா? சனிக்கிழமை அவர் கிளம்பியதும் நாத்தனாரை வரவழைத்து மாமனாரை ஒப்படைத்துவிட்டு, பின்னாலேயே நானும் பஸ் ஏறினேன்.

பெரிய தகரக் கொட்டகை. விமானங்களைக் கயிறு கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குண்டு போடுவது, ஆள் ஏற்றுவது, மூக்கு நசுங்கியது என்று எல்லாமே தூசி படிந்து கிடந்தன, ஒன்றைத் தவிர. அது சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றது. இறக்கை ஓரத்தில் இழுத்திருந்த சிவப்புக் கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை. என் சமையலறைச் சுவர் ஐந்து வருடமாகப் பெயிண்ட் உரிந்து பொருக்கு விட்டுக் கிடக்கிறது. அழகாய்த்தான் இருந்தாள். பொறாமை என்னைப் பிடுங்கித் தின்றது.

சாவிக்கொத்தோடு வந்த மேற்பார்வையாளரிடம், நான் பெயிண்டர் வீட்டுக்காரி என்று சொன்னேன். "இந்த வேலை எப்பத்தான் சார் முடியும்?"

"இதா? முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சேம்மா."

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை வர்றாரே?"

அவர் மேலே காட்டினார். "உள்ள உக்காந்திருப்பாரு. கண்ணாடியத் தொடச்சு வச்சிடுறாரு, யாருக்கும் தொந்தரவு கெடையாது. நாங்களும் விட்டுட்டோம். ஏறிப் பாருங்க."

ஏணியில் ஏறினேன். விமானி இருக்கையில் செய்தித்தாள் விரித்து, மடியில் ஃபிளாஸ்க் வைத்து, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தாள் சரிந்தது.

"அப்பாவுக்கு ஏதாவது..."

"நல்லா இருக்காரு. ஒங்க தங்கச்சி பாத்துக்குறா."

கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இங்க மணி கேக்காதுடி" என்றார்.

"எறங்குங்க."

வீட்டுக்குத்தான் இழுத்துப் போகிறேன் என்று நினைத்து, ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். ஓர் ஆளுக்கு அளந்து செய்த இடம். முதுகுக்கு இதமாக இருந்தது. எதிரே நின்றுபோன முட்களோடு வட்ட வட்டமாக மீட்டர்கள். எதையும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை. பாவம், இந்த விமானத்தின்மேல் போய் மூன்று வருடம் பொறாமைப்பட்டேனே. பட்டிருக்க வேண்டியது கீழே நிற்கிற ஆள்மேல். இரண்டு வருடத்தில் நூறு சனிக்கிழமை. நூறையும் தனியாகவே தின்று ஏப்பம் விட்டிருக்கிறார்.

"போலாமா?" என்றார் கீழேயிருந்து.

"நீங்க போங்க. தங்கச்சி ரெண்டு மணிக்குக் கெளம்பணும்னா. மாமாவுக்கு மூணு மணிக்கு மாத்திரை, சாப்பாட்டுக்கப்புறம்."

"நீ?"

"ஃபிளாஸ்க்க மேல குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரமும் நீங்கதான் வீட்டுல."