முத்தழகியைத் தேடிப் போன வீடு

அது 1926-ஆம் வருஷம். சொக்கம்மாளின் வெள்ளைப் பூனை முத்தழகி காணாமல் போய் நான்கு நாளாயிற்று. ராயபுரத்தில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனவள், ரயில்வே குடியிருப்பில் டோரதி என்பவளின் கட்டிலடியில் அதைக் கண்டாள். மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தது.

"அடியே முத்தழகி!"

"இது பேரு ரோசி. ஒரு வருசமா பகல்ல எங்க வூட்லதான் கீது," என்றாள் டோரதி.

"ராவுல எங்க வூட்ல தூங்குதேம்மா!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குட்டிகளைப் பார்க்க சொக்கம்மாள் தினமும் மீன்தலையோடு வந்தாள். குட்டிகள் வளர்ந்து வேறு வீடுகளுக்குப் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

ஐந்து வருஷம் கழித்து டோரதியின் கணவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றலாயிற்று. அதற்குப் பிறகும் சமையல் முடிந்ததும் சொக்கம்மாளின் கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பும். அங்கே வேறு யாரோ குடியிருப்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வரும்.