சாட்சிக் கூண்டில் வீட்டுக்காரர்

விபத்து வழக்குகளிலேயே எட்டு வருடம் வாதாடிவிட்டு, நாற்பது வயதில் சட்ட மேல்படிப்புக்கு வெளிநாடு வந்தவள் அவள். பஸ், லாரி என்று இருபது வருடம் கிரீஸில் குளித்த கணவரும், ஒர்க்‌ஷாப்பைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு, “நீ அங்க தனியா என்ன பண்ணுவ வக்கீலம்மா” என்று கூடவே கிளம்பிவிட்டார். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிறார்.

கல்லூரியின் மாதிரி நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்ய அவள் முறை வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த கற்பனை வழக்கில், பழைய வேன் ஒன்றை வாங்கிய ஆறாம் மாதமே பிரேக் போய்ச் சுவரில் மோதியவர் அவளுடைய கட்சிக்காரர். அவர் வண்டியைப் பராமரிக்கவில்லை என்பது, விற்ற கம்பெனியின் வாதம். ஒரு வாரமாக இஸ்திரி மேஜை முன்னால் நின்று அவள் பேசிப் பழக, கட்டிலில் சம்மணமிட்டிருந்த கணவர் பிரேக் குழாய் எப்படி எப்படியெல்லாம் ஓட்டையாகும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்குப் பார்த்து, எதிர்க்கட்சியின் மெக்கானிக் சாட்சியாக நடிக்க வேண்டிய மாணவனுக்குக் காய்ச்சல். “மெக்கானிக் வேலை தெரிந்தவர் யாராவது உண்டா?” என்று பேராசிரியை கேட்டார். வேடிக்கை பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவருக்கு, ‘மெக்கானிக்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. சட்டென்று கையைத் தூக்கிவிட்டார்.

வேண்டாம் என்று அவள் தலையாட்டுவதற்குள், எதிர்க்கட்சி மாணவர்கள் புதையல் கிடைத்த மாதிரி அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தமிழ் தெரிந்த ஜூனியர் பெண் ஒருத்தி, சாட்சியின் வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக்காட்டினாள். கூண்டிலும் மொழிபெயர்க்க அந்தப் பெண்ணே நின்றாள்.

நீதிபதி இருக்கையில் இருந்த பேராசிரியை சந்தேகத்தோடு கேட்டார். “எதிரே நிற்பவர் உங்கள் மனைவி. சாட்சி சொல்வதில் ஒருதலைப்பட்சம் வராதே?”

“எங்க வீட்டுல விசாரிச்சுப் பாருங்கம்மா. அவங்க பக்கம் நான் பேசினதா சரித்திரமே கிடையாது.”

அந்தப் பெண் மொழிபெயர்த்து முடித்ததும் அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் அவளை ‘அவங்க’ என்கிறார்.

எழுந்தாள். எடுத்த எடுப்பில், வீட்டில் கற்ற பாடத்தையே கேட்டாள். “அந்தக் குழாயில் இருந்த துரு ஆறு மாதத்தில் பிடித்திருக்குமா?”

“சான்ஸே இல்லீங்க வக்கீலம்மா! விக்கும்போதே இருந்திருக்கும்.”

எதிர்க்கட்சி மாணவன் துள்ளி எழுந்தான். துருவைப் பற்றி வாக்குமூலத்தில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பது மாதிரி நீதிமன்றத்தின் விதி. பேராசிரியை அந்தப் பதிலைக் குறிப்பிலிருந்து அடித்தார். அவளுடைய மதிப்பெண் தாளிலும் ஏதோ எழுதினார். ‘உண்மையத்தானே சொன்னேன்’ என்று கணவர் திருதிருவென விழித்தார்.

அவளுக்குக் காது சுட்டது. வாக்குமூலத்தை மறுபடி புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது. விற்கும்போது பிரேக் சரியாக இருந்தது என்று கையெழுத்திட்ட சாட்சி, வேனை நேரில் பார்க்கவே இல்லை. பார்த்தது நான்கு போட்டோக்களை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிரேக்கைத் தன் காலால் அழுத்திப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாத மனுஷர். எத்தனையோ நாள் அதற்காகவே சோறு ஆறிப்போகக் காத்திருந்திருக்கிறாள்.

“போட்டோவை மட்டும் பார்த்து, ‘இந்த பிரேக் சரி’ என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?”

போட்டோ, பிரேக், சைன் என்று காதில் விழுந்த மூன்று சொல்லே போதும்; மொழிபெயர்ப்புக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. முகம் மாறிவிட்டது.

“போடமாட்டேங்க.”

“வேறு கேள்வி இல்லை” என்று உட்கார்ந்தாள்.

தீர்ப்பு அவள் பக்கம். ஆனால் துருக் கேள்விக்காக மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார்கள். வகுப்பில் மூன்றாவது இடம்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் உம்மென்று வந்தார். சிக்னலில் நின்றபோது வெடித்தார். “இருந்தாலும் அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டிருக்க வேணாம். போட்டோவைப் பாத்துக் கையெழுத்துப் போடுற ஆளா நானு?”

“போடமாட்டீங்கன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் கேட்டேன். வேற ஆளா இருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்.”

கணவர் அவள் தோளில் தொங்கிய புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. பாதி ரோட்டில் மெல்லக் கேட்டார்:

“அடுத்த கேஸ் எப்போ? அந்த எதிர்க்கட்சிப் பசங்க என்னைத் திரும்பவும் வரச் சொல்லியிருக்காங்க.”