பட்டி பார்த்த கிட்டார்

"ஓட்டைன்னு இருந்தா அடைக்கணும், அதானே என் தொழி—"

"அடைக்கறதுக்கு இது என்ன உங்க பட்டறைக்கு வந்த காரா?"

"கத்தாதடி, பெயின்ட் இப்பதான் காய்ஞ்சிருக்கு."

"ஏன், நான் கத்தினா உரிஞ்சு விழுந்துடுமா?"

கூடத்து மேசையில், பழைய போர்வையின் மேல், கிட்டார் மல்லாந்து கிடந்தது. உடல் யாரோ வேண்டாமென்று கழித்தது. கழுத்து வேறு யாரோ போட்டு உடைத்த கிட்டாரில் மிஞ்சியது. உள்ளே இருக்கும் மின்சார சாமான்கள் அவள் தம்பி மலிவாகப் பொறுக்கி வந்தவை. கார் பெயின்டரான கணவரின் கைபட்டதும் எல்லாம் சேர்ந்து ஷோரூம் வண்டி மாதிரி மின்னியது. ஒரே ஒரு சின்னக் குறை: ஒலிபெருக்கும் ஆம்பில் செருகினால் கிட்டார் சத்தத்தைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் வந்தது.

எலக்ட்ரீஷியனான தம்பி ஆம்பை அணைத்தான்.

"மாமா, கம்பியெல்லாம் உக்கார்ற இந்த இரும்புக்கு அடியில ஒரு பொடி ஓட்டை இருந்துச்சுல்ல? எர்த் ஒயர் அது வழியாத்தான் போகணும். போகாததாலதான் இந்த உறுமல்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன மச்சான்?"

"நான் வாயத் திறக்கறதுக்குள்ள அதுல பட்டி பார்த்து அடைச்சு, தேச்சு, கண்ணாடியாட்டம் ஆக்கிட்டீங்களே."

"கண்ணாடியாட்டம் இருக்குல்ல?"

அவர் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

"தம்பி, ட்ரில்ல எடு" என்றாள் அவள். "பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன் வேலையில உக்காந்து தினம் கேக்கற சத்தம்தான், எனக்கொண்ணும் பயமில்ல."

"என் பெயின்ட்ல துளையா! எந்தப் பக்கம் சிலும்பும்னு யார் கண்டா?"

"அப்ப ஒயரை வெளியால விட்டு டேப் ஒட்டிடவா மாமா?"

"டேப்பா! அதுக்கு என் மூஞ்சியிலயே ஒட்டு."

"அது இன்னும் நல்ல யோசனை" என்றாள் அவள். "ஏங்க, சாயங்காலம் அந்த மியூசிக் குழுவுல என்னை வாசிக்கச் சொல்லிப் பாக்கப் போறாங்க. பிடிச்சாச் சேத்துப்பாங்க, இல்லன்னா நாளைக்கு வேற ஆளு. இந்த உறுமலோட போய் நின்னா, ஆம்பை அணைச்சிட்டு வீட்டுக்குப் போம்மான்னுடுவாங்க."

அவர் இரண்டு கைகளாலும் கிட்டாரை மூடிக்கொண்டார், குழந்தையை ஊசிக்குக் கொடுக்க மறுக்கும் தகப்பனைப்போல.

"கொஞ்சம் உறுமினா உறுமட்டுமே. நீ மட்டும் நல்லா வெளிச்சத்துல போய் நில்லு. அசந்துடுவாங்க பாரு."

தம்பி ட்ரில்லும் கையுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சிரிப்பை அடக்குகிறான் என்று முதுகே சொன்னது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"பெயின்ட்ட விடுங்க. மாசக்கணக்கா இந்த வீட்டுலதானே இரவல் கிட்டார்ல வாசிச்சுப் பழகிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு அங்க என்ன பாட்டு வாசிக்கப் போறேன், சொல்லுங்க பாப்போம்."