உப்புப் போட்ட மல்லாட்டை

“பத்து பேராவது சேந்தாதான் ஓட்டுவோம். நீங்க ரெண்டு பேரு வந்து நின்னுக்கினு கேட்டா எப்பிடிங்க?” என்றார், விழுப்புரம் திரையரங்கில் சீட்டு கொடுப்பவர். “கார்ட்டூன் படத்துக்கு இந்த ஊர்ல யாரு வர்றா? திண்டிவனத்துல போட்டுக்கிறான். வேணும்னா அங்க போய்ப் பாருங்க.”

டிராக்டர் உதிரிபாகக் கடையில் மேலாளராக இருந்த ஆனந்தராஜுக்கு முகம் வாடிவிட்டது. அவன் பின்னால் குடையுடன் நின்ற அவன் தாய் கிருஷ்ணவேணி அந்த வாட்டத்தைக் கவனித்தார். முப்பது வயதைத் தாண்டிய மகன், ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் குழந்தைகள் பார்க்கும் படத்துக்குப் புறப்பட்டால் எந்தத் தாய்க்குத்தான் ஐயம் வராது? அதனால்தான் “நானும் வர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ஐயம் நியாயமானதுதான். திண்டிவனத்தில் மருந்தாளுநராகப் பணியாற்றும் கலைப்பிரியாவை அவனுக்காகப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இருவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பின் இரு வீடுகளும் வாய் திறக்கவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரட்டும் என்று இவர்கள் இருந்தார்கள்; முதலில் இவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். ஒரு ஏரியின் இரு கரைகளில் இரண்டு ஆமைகள் இருந்தனவாம். மரியாதை தெரிந்தவர் முதலில் நீந்தி வருவார் என்று இரண்டும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன. ஏரியே வற்றிப்போனது. அப்போதும், யார் முதலில் நடப்பது என்று இரண்டும் யோசித்துக்கொண்டிருந்தனவாம். இங்கேயும் ஏரி வற்றும் நாள் நெருங்கிவிட்டது. இந்த வாரம் ஆனி முடிகிறது. ஆடியில் யாரும் சம்பந்தம் பேசமாட்டார்கள். அதற்குள் கலைப்பிரியாவைப் பார்க்கக் கண்டமங்கலத்திலிருந்து வேறொரு மாப்பிள்ளை நாளை வருவதாக இருந்தது.

பெண்ணின் தந்தை ஜெகதீசனுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் உப்புப் பண்டம் தொடுவதில்லை என்பது கிருஷ்ணவேணி குடும்பத்து வழக்கம். பெண் பார்க்கப் போன அன்று கிருஷ்ணவேணி ஒரேயொரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு தாம்பாளம் பஜ்ஜி அப்படியே ஆறிப்போனது. அன்று முதல் பஜ்ஜி என்ற சொல்லைக் கேட்டாலே ஜெகதீசன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

“நீங்க விழுப்புரத்துல பாருங்க, நான் இங்க பாக்குறேன். ஒரே நேரம், ஒரே படம். சேந்து போன மாதிரிதான்” என்று தொலைபேசியில் சொன்னவள் கலைப்பிரியாதான். ஜப்பானியர் வரைந்து, தமிழில் பேசவைத்திருந்த காதல் படம் அது. ஒருவனும் ஒருத்தியும் பல உலகங்களில் வாழ்கிறார்கள். ஓர் உலகத்தில் அவள் குடையை மறக்கிறாள், அதனால் அவனைச் சந்திக்கிறாள். அடுத்த உலகத்தில் குடையை நினைவாக எடுத்துவிடுகிறாள், வாழ்க்கையே தவறிப்போகிறது.

“ம்மா, திண்டிவனம் போலாமா?” என்றான் ஆனந்தராஜ்.

“ஒரு பொம்மைப் படத்துக்கு அம்மாந்தூரமா? இன்னாடா சேதி?”

“நல்லா இருக்குதாம்மா.”

கிருஷ்ணவேணி அவனை மேலும் கீழும் பார்த்தார். “செரி, வா. பேஜாரு புடிச்சவனே” என்று பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.

காட்சி நேரம் கடந்து ஒரு மணி நேரமாகியும் திண்டிவனத்திலும் எட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். வேறு ஊராயிருந்தால் காட்சி கைவிடப்பட்டிருக்கும். ஆனால் அந்த எட்டுப் பேரில் ஜெகதீசன் ஒருவர். சம்பந்தம் பேசும் காலத்தில் மகளைத் தனியே படத்துக்கு அனுப்பக்கூடாது என்று உடன் வந்தவர், “கெளம்பி வந்தாச்சி. பாக்காம போவமாட்டேன்” என்று இருக்கையில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார். கிருஷ்ணவேணியும் மகனும் வந்து சேர்ந்ததும் கணக்கு நிறைந்தது. விளக்குகள் அணைந்தன.

வாசலில் ஆனந்தராஜைத் தடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் வாங்கிய, அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம், வெளித் தின்பண்டம் என்று பறிமுதலானது. “நீ போய்க் குந்தும்மா, தோ வர்றேன்” என்றான். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்த கிருஷ்ணவேணி, மின்விசிறி ஓடிய ஒரே வரிசையைக் காற்றை வைத்துக் கண்டுபிடித்து, தடவித் தடவி ஓர் இருக்கையில் அமர்ந்தார். அது கலைப்பிரியாவின் இருக்கை. அவளோ கைபேசியுடன் வெளியே போயிருந்தாள். அடுத்த இருக்கைக்காரரான ஜெகதீசன் மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்தார். மகள் திரும்பிவிட்டாள் என்று அவர் நினைத்தார். மகன் வந்துவிட்டான் என்று இவர் நினைத்தார். மகளும் மகனும் வாசலில் சந்தித்து, உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, கடைசி வரிசையில் நடுவே ஓர் இருக்கையை விட்டு அமர்ந்தார்கள்.

ஜெகதீசன் இடுப்புத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த மல்லாட்டைப் பையை எடுத்து நடுவிலிருந்த கைப்பிடியின்மேல் வைத்தார். கிருஷ்ணவேணியின் கை தானாகவே அதற்குள் போனது.

படம் அவர்களை விழுங்கிவிட்டது. நான்காம் உலகத்தில் அவள் ரயிலைத் தவறவிட்டபோது ஜெகதீசன் மூக்கை உறிஞ்சினார். இதற்கெல்லாமா என் பிள்ளை அழுகிறான் என்று கிருஷ்ணவேணிக்கு மனம் இளகியது. மல்லாட்டையைத் தாமே உரித்து, பருப்பை அந்தக் கையில் வைத்தார். இத்தனை வருடத்தில் மகள் ஒருநாளும் இப்படி உரித்துக் கொடுத்ததில்லையே என்று ஜெகதீசன் நினைத்துக்கொண்டார். இன்னொருத்தர் வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணல்லவா என்று எண்ணி, ஒவ்வொரு பருப்பாக மென்றார்.

இடைவேளை விளக்கு எரிந்தது.

“இந்தாடா…” என்று நீட்டிய கை நின்றது.

“போதும், நீ துன்னும்…” என்ற வாய் நின்றது.

பின்பு ஜெகதீசனின் பார்வை கிருஷ்ணவேணியின் மடிக்கு இறங்கியது. அங்கே ஒரு குன்று அளவுக்குத் தொலி குவிந்திருந்தது. அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் ஏறியது.

“உப்பு செரியா இருந்துதுங்களா?”

“இது கணக்குல சேராது” என்றார் கிருஷ்ணவேணி சட்டென்று. “ஊட்டுல குந்தித் துன்னாதான் கணக்கு.”

“ஊடு இல்லதாங்க. ஆனா எங்க கொல்லையில வெளைஞ்சது. உப்புப் போட்டு அவிச்சது எம் பொண்ணு.”

“எனக்கு இன்னா தெரியும்? எம் புள்ளைன்னு நெனச்சிக்கினு துன்னேன்.”

“நான் மட்டும்? எம் பொண்ணுன்னு நெனச்சித்தான துன்னேன்!”

“நீங்க எங்கையால வாங்கித் துன்னீங்க. அதுவும் உரிச்சி வாங்கி.”

“ஆமாங்க. பஜ்ஜி மாரி ஆறிப்போவ உட்டனா?”

அதற்குள் திரையரங்கின் காவலர் கைவிளக்குடன் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். “அவிச்ச மல்லாட்டை வாசனை வருதே! யாருங்க அது, வெளித் தீனி எடுத்தாந்தது?”

ஜெகதீசன் விழித்தார். துண்டு தரையில் கிடந்தது. பை கைப்பிடியின்மேல் வாய் திறந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த நொடியில் அதைக் காணவில்லை. கிருஷ்ணவேணியின் முந்தானை அதன்மேல் விழுந்து, தொலிக் குன்றையும் சேர்த்து மூடிக்கொண்டது.

“தீனியா? இங்க யாரு துன்னுக்கினு கீறாங்க? ஜல்தி போய்ப் படத்தப் போடுப்பா. அடுத்த ரயில்லியாவது ஏறுனாளா இல்லியான்னு உசிரு போவுது” என்றார்.

காவலர் பின்வாங்கினார். கடைசி வரிசையில் இருவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் அங்கே இருப்பது யார் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

விளக்கு அணைந்தது. திரையில், ஐந்தாம் உலகத்தின் ரயில் நிலையத்தில், இருவரும் எதிரெதிர் நடைமேடைகளில் நின்றார்கள். நடுவே நீண்ட சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மின்விசிறியின் காற்றில் முந்தானை சற்றே விலகியது. ஒரு கை பையை எடுத்து, வாயை நன்றாக விரித்து, நடுக் கைப்பிடியின்மேல் மீண்டும் வைத்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடந்தன. இருட்டில் ஒரு மல்லாட்டை உடையும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, இன்னொன்று.